பீக்கிங் பெய்ஜிங் ஆனது, நெடுங்கேணிக்குள் ஒரு ‘ஆர்’ நுழைந்தது

நெடுங்கேணியின் பெயரை இங்கிலிசில் எழுதியிருக்கும் பலகைகளையும் கடிதத் தலைப்புகளையும் கவனித்திருக்கிறீர்களா? சிலவற்றில் ‘கே’க்கும் ‘ணி’க்கும் நடுவில் ஒரு ‘ஆர்’ நிற்கும். உள்ளபடி வாசித்தால் ‘நெடுங்கேர்ணி’. கருநாட்டுக்கேணிக்கும் அதே கதிதான். எங்கட சனம் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்த ‘ஆர்’?

என்னுடைய ஊகம் இது. தென் இங்கிலாந்துக்காரர் உயிருக்குப் பின்னால் வரும் ‘ஆர்’ஐ உச்சரிப்பதில்லை. முன்னால் நிற்கும் உயிரை நீட்டிச் சொல் என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். ‘கே’ நெடில் என்று காட்ட நினைத்த யாரோ ஒரு பழைய காலத்து எழுத்தர் அதைச் செருகிவிட்டார். பர்மாவின் நடுவிலும் மியன்மாரின் கடைசியிலும் இங்கிலிசு எழுத்தில் ‘ஆர்’ வந்தது இதே வழியில்தான். பர்மியர் வாயில் அந்த ஒலி கிடையாது. அமெரிக்கர் ஒருவர் வந்து பலகையை வாசித்தால் ‘ஆர்’ஐ அழுத்திச் சொல்லுவார். நாங்கள் சிரிப்போம். எழுதிவைத்தது நாங்கள்தான் என்பது அப்போது ஞாபகம் வராது.

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். கிளிநொச்சியில் இருந்துகொண்டு பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளைத் தமிழிலிருந்து இங்கிலிசுக்கு மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த வேலையில் ஆட்களின் பெயரைவிட ஊர்ப் பெயர்தான் கழுத்தைப் பிடிக்கும். ஆளின் பெயருக்கு பாஸ்போர்ட் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. அதில் உள்ளபடி எழுதிவிடலாம். ஊருக்கு ஏது பாஸ்போர்ட்?

கனடாவில் இருக்கும் மகன் கூப்பிட, விசாவுக்கு விண்ணப்பித்த ஓர் அம்மா. பிறந்த இடம் வட்டக்கச்சி. பழைய பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் ‘ட்ட’வுக்கு இரண்டு ‘டீ’ (D) போட்டிருந்தது. மகனுடைய கடதாசிகளில் அதே ஊர் இரண்டு ‘ரீ’யோடு (T), நடுவில் ஒரு ‘கே’ கூடுதலாக நின்றது. இரண்டும் ஒரே இடமா என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்துக்கொடுத்தோம். கையெழுத்து வைக்கும்போது அவா கேட்டா: “தம்பி, நான் பிறந்ததும் அங்கதான், பிள்ளையைப் பெத்ததும் அங்கதான். இப்ப அது ரெண்டு ஊராப் போச்சோ?”

“இல்லையம்மா, ஊர் ஒண்டுதான். எழுதுறவைதான் ரெண்டு.”

“அப்ப எழுதினவையெல்லோ சத்தியம் பண்ண வேணும்?”

பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இந்தத் தலையிடியைப் பெரிய அளவில் பட்டு, பெரிய அளவில் தீர்த்த ஒரு நாடு இருக்கிறது: சீனா. எங்கள் அப்பாமாரின் தலைமுறைக்கு அந்த நாட்டின் தலைநகரம் பீக்கிங். 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய சீன வானொலி அவர்கள் வாயில் பீக்கிங் வானொலி. இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது நா. சண்முகதாசனின் பக்கத்தை இங்கிலிசுப் பத்திரிகைகள் ‘பீக்கிங் பிரிவு’ என்றுதான் எழுதின. அந்த அரசியலில் ஊறியவர்கள் வடக்கில் இன்னும் இருக்கிறார்கள், ‘சீனச் சார்பு’ என்று சொல்லுவார்கள். இன்றைக்கு ஓ. எல். பெடியனிடம் பீக்கிங் எங்கே என்று கேட்டால் முழிப்பான். பெய்ஜிங் என்றால் உடனே சொல்லுவான். நகரம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனாவுக்குப் போன ஒவ்வொரு வெள்ளைக்காரனும் தன் காதில் விழுந்தபடி எழுதினான். வேட், ஜைல்ஸ் என்ற இரண்டு இங்கிலிசுக்காரர் ஒரு முறையை வகுத்தார்கள். ஜைல்ஸின் அகராதி 1892இல் வந்தது. தபாலுக்கு வேறொரு முறை. அக்காலத்தில் சீனத் தபால் சேவையை நடத்தியவர்கள் வெளிநாட்டார். அவர்கள் 1906இல் ஷாங்காயில் கூடி ஊர்ப் பெயர்களுக்கு ஓர் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்தார்கள். பீக்கிங், நான்கிங், அமோய், கன்டன் எல்லாம் அந்த வழியில் நிலைத்தவை. இவற்றில் சில வடக்கத்திய உச்சரிப்பு, சில தெற்கத்திய உச்சரிப்பு. அமோய் ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்தது. கன்டன் என்பதோ மாகாணத்தின் பெயரைப் போர்த்துக்கீசர் சொன்ன மாதிரி சொல்லி நகரத்தின் தலையில் கட்டியது.

1958இல் சீன அரசு பின்யின் என்ற உரோமன் எழுத்துமுறையை ஏற்றுக்கொண்டது. அதை உருவாக்கிய குழுவின் பெரிய தலை சோ யூகுவாங். படித்தது பொருளியல், பார்த்தது வங்கி வேலை. 111 வயது வரை வாழ்ந்து 2017இல் இறந்தார். பின்யின் வந்ததும் உலகத்தைப் பார்த்து ‘பெயரை மாற்று’ என்று சீனா கேட்கவில்லை. முதலில் தன் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தது. 1977இல் ஏதென்ஸில் கூடிய ஐக்கிய நாடுகளின் இடப்பெயர் மாநாடு சீன ஊர்ப் பெயர்களுக்குப் பின்யினை ஏற்றது. 1979 ஜனவரி 1 முதல் சீனா தன் வெளிநாட்டுக் கடிதங்களிலும் வெளியீடுகளிலும் அதையே எழுதியது. உலகப் பத்திரிகைகள் சில முனகின, சில ‘பீக்கிங்’கைக் கொஞ்சக் காலம் கைவிடாமல் வைத்திருந்தன. பிறகு எல்லாரும் வழிக்கு வந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. பின்யின் வெள்ளைக்காரன் வாய்க்காகச் செய்யப்பட்டதில்லை. ‘கியூ’வும் ‘எக்ஸ்’உம் அதில் எங்கள் ‘ச’வுக்குக் கிட்டவான ஒலிகளுக்கு நிற்கின்றன. படிக்காதவன் வாசித்தால் தலைகீழாகத்தான் வாசிப்பான். சீனர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எங்கள் எழுத்துக்கூட்டல் இது, வேண்டுமென்றால் படித்துக்கொள் என்ற நிலை. நாங்கள் இருநூறு வருடமாக ‘துரை இதை எப்படி வாசிப்பார்’ என்று யோசித்தே எழுதுகிறோம்.

குறை இல்லாமலும் இல்லை. ஷான்சி என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாகாணங்கள். சீனர் வாயில் சுரத்தால் மட்டும் வேறுபடுபவை. சுரக்குறியை விட்டு எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று, ஒன்றுக்கு மட்டும் ஒரு ‘ஏ’யைக் கூடப் போட்டு ஒப்பேற்றினார்கள். பீக்கிங் பல்கலைக்கழகம் இன்றைக்கும் இங்கிலிசில் தன்னை ‘பீக்கிங்’ என்றே எழுதுகிறது. உருமுச்சி போன்ற உய்குர் ஊர்களுக்குச் சீன உச்சரிப்பை விட்டு அந்த மொழியின் உச்சரிப்பையே அடிப்படையாக எடுத்தார்கள். அதே அரசுதான் அண்மைக் காலமாக இங்கிலிசில் திபெத் என்று எழுதாமல் ‘சிசாங்’ என்று எழுதுகிறது. அந்தக் கதைக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

இனி எங்கள் பக்கம்.

1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி வன்னி மாவட்டங்கள் பற்றி ஒரு கைநூல் வெளியிட்டார். வன்னி வரலாறு எழுதுபவர்கள் இன்றைக்கும் அதைத் தொடாமல் போக முடியாது. அவர் முல்லைத்தீவுக்கு நடுவில் இரண்டு ‘ரீ’ போட்டிருந்தார். ‘த்தீ’க்கு இரண்டு எழுத்து, நியாயம்தானே? இன்றைய அரசாங்க எழுத்தில் ஒரு ‘ரீ’ காணாமல் போய்விட்டது. ‘எச்’ முதலிலிருந்தே இல்லை. அதனால்தான் 2009இல், போரின் கடைசி மாதங்களில், வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளில் முல்லை‘டி’வு என்றார்கள். ஊர் எரிகிற செய்தியில்தான் உலகம் அந்தப் பெயரை முதன்முதலாகச் சொன்னது, அதையும் பிழையாகச் சொன்னது.

‘ட்ட’ கதை இன்னும் சுவாரசியம். தமிழ்நாட்டுக்காரர் செட்டியை இரண்டு ‘ரீ’யால் எழுதுவார்கள். இலங்கைத் தமிழர் இரண்டு ‘டீ’யால் எழுதுவோம். ஒட்டுசுட்டானை எடுத்துப் பாருங்கள், இரண்டு இடத்திலும் இரட்டை ‘டீ’. செட்டிகுளம், உடையார்கட்டு, வட்டுவாகல் எல்லாவற்றிலும் அதைக் காணலாம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் ஒட்டுசுட்டானை ‘ஒத்துசுத்தானா?’ என்று கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது வட்டுக்கோட்டையை ‘பட்டிக்கோட்டா’ என்று எழுதினார்கள்; 1823இல் தொடங்கிய அவர்களின் செமினரிக்கு அதுவே பெயர். உடுவில் அவர்கள் எழுத்தில் ‘ஊடூவில்’. 1976இல் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது உலகம் படித்தது ‘பட்டிக்கோட்டா தீர்மானம்’ என்று அல்ல, இரட்டை ‘டீ’ போட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று. எந்த அரசாங்கமும் சட்டம் போட்டு அதை மாற்றவில்லை. ஊர்ச் சனமும் பள்ளிக்கூடங்களும் எழுதி எழுதி மாறியது. அதனால் இரட்டை ‘டீ’யை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது எங்கட கை.

ஒரே சொல் இரண்டு வேடம் போடும் இடமும் உண்டு. மடு என்றால் ஆழமான நீர்நிலை. இரணைமடுவிலும் விசுவமடுவிலும் இங்கிலிசு எழுத்து ஓரளவு ஒழுங்காக ‘மடு’ என்றே வருகிறது. மன்னார்ப் பக்கம் மடு மாதா கோவிலுக்குப் போனால் அதற்குள் ஒரு ‘எச்’ ஏறி ‘மது’ ஆகிவிடுகிறது. ரயில் நிலையத்துக்கும் அதே எழுத்துத்தான். வடநாட்டிலிருந்து வந்த யாத்திரீகர் ஒருவர் தேன் என்ற அர்த்தமா என்று என்னைக் கேட்டார். பளையில் ‘ள’வுக்கு இரண்டு ‘எல்’ போட்டதால் அது ‘பல்லை’ என்று வாசிக்கப்படுகிறது. முழங்காவிலின் ‘ழ’ ஒற்றை ‘எல்’ ஆகிச் சுருங்கிவிட்டது. முறிகண்டியின் கடைசி நாலைந்து எழுத்து மலைநாட்டுக் கண்டியின் இங்கிலிசு எழுத்தேதான். கச்சான் வாங்க இறங்குகிற வெளிநாட்டார் இரண்டு ஊருக்கும் ஏதும் சம்பந்தமோ என்று யோசிக்கக்கூடும்.

அடுத்தது ‘வீ’யும் ‘டபிள்யூ’வும். நாங்கள் வன்னியை ‘வீ’ போட்டு எழுதுவோம். தேர்தல் மாவட்டத்தின் பெயரில் சில இடங்களில் அது ‘டபிள்யூ’. எழுதியவரின் தாய்மொழி எது என்பதை இந்த ஓர் எழுத்திலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். (அந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சி இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும்தான். நாங்கள் வாக்குப் போடுவது யாழ்ப்பாணத்தோடு.)

எல்லா அந்நியப் பெயரையும் தூக்கி எறி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனையிறவு இங்கிலிசில் ‘எலிபன்ட் பாஸ்’, சிங்களத்தில் ‘அலிமங்கட’. மூன்றும் யானை கடக்கிற இடத்தைத்தான் சொல்கின்றன. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை அந்தக் களப்பைக் கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோய், ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். போர்த்துக்கீசர் அந்தத் துறையை யானைத்துறை என்று தங்கள் மொழியில் சொல்லப்போய், அந்தப் பெயரின் தலைத்துண்டு மட்டும் மிஞ்சி இங்கிலிசில் ‘கைற்ஸ்’ ஆனது. இந்தப் பெயர்கள் ஒரு வியாபாரத்தின் தடயம். இவற்றை அழித்து உச்சரிப்பின்படி எழுதினால் எங்களுக்கு ஒன்றும் கூடப்போவதில்லை. வெளிநாட்டார் தங்கள் பாட்டுக்கு ‘எலிபன்ட் பாஸ்’ என்று சொல்லட்டும்.

பூநகரிக்கு அப்படி ஒரு கதையும் இல்லை. ஒல்லாந்தர் கோட்டை இருக்கிற இடம். பழைய இங்கிலிசு எழுத்தில் ‘பூநரின்’. அர்த்தமில்லாத ஒரு தேய்வு. பிரதேச செயலகமும் பிரதேச சபையும் இப்போது பூநகரி என்று வாசிக்கக்கூடியபடி எழுதுகின்றன. வரைபடங்களிலும் வழிகாட்டிப் பலகைகளிலும் பழையது விட்டபாடில்லை. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு மன்னார் வழியால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒரே வீதியில் இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு, இரண்டு ஊர் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும்.

சீனக் கதை சொல்ல வந்தவன் காலியில் கிடைத்த கல்லை விட்டுவிட்டுப் போகக் கூடாது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. 1911இல் காலியில் ஒரு மதகை மூடிய கல்லாகக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்தத் தெனாவரைதான் இங்கிலிசுக்காரரின் ‘டொண்ட்ரா’, இன்றைய தெவிநுவர. அறுநூறு வருடத்துக்கு முன்னம் இந்தத் தீவுக்குக் கல் வெட்டிக் கொண்டுவந்த சீனருக்குத் தமிழ் தேவைப்பட்டிருக்கிறது. 2021இல் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்து நூலகப் பெயர்ப்பலகையில் சிங்களமும் இங்கிலிசும் சீனமும் இருந்தன, தமிழ் இல்லை. கண்டனம் வந்த பிறகு பலகையைக் கழற்றினார்கள். அதே வருடம் கௌதாரிமுனையில் சீனக் கடலட்டைப் பண்ணை பற்றிய சர்ச்சை. எங்கள் கரைக்குச் சீனர் வந்துவிட்டார்கள், கௌதாரிமுனையை அவர்கள் சீன எழுத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று அறிய எனக்கு உண்மையிலேயே ஆசை.

இதுவரை சொன்னதெல்லாம் எழுத்துக்கூட்டல். பெயர் மாற்றம் வேறு சாதி. இரண்டையும் குழப்புகிறவர்கள் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மணலாறு என்று ஒரு பிரதேசம். முல்லைத்தீவு, திருகோணமலை, வவுனியா சந்திக்கிற பகுதி. அங்கே ஒரு காலத்தில் தமிழ் முதலாளிமாரும் நிறுவனங்களும் குத்தகைக்கு எடுத்த பண்ணைகள் இருந்தன. கென்ற் பாம், டொலர் பாம், சிலோன் தியேட்டர்ஸ் என்று அவற்றுக்குப் பெயர். காட்டுக்குள் ‘சிலோன் தியேட்டர்ஸ்’ என்று ஓர் இடம் இருந்ததை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் அந்தப் பண்ணைகளில் குடியேறின. பிறகு அவர்களை வெளியேற்றினார்கள், சிங்களக் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள், 1984 நவம்பரில் கென்ற், டொலர் பண்ணைகளில் அவர்கள் கொல்லப்பட்டார்கள், அதன் பின் சுற்றியிருந்த தமிழ்க் கிராமங்களில் இரத்தம் ஓடியது, கொக்கிளாயிலிருந்தும் கொக்குத்தொடுவாயிலிருந்தும் சனம் ஓடியது. 1988இல் மணலாறு வர்த்தமானியில் ‘வெலி ஓயா’ ஆனது. வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. அர்த்தத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள், சனத்தை மாற்றினார்கள். இன்றைக்கு அது முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு பிரதேச செயலகப் பிரிவு.

பீக்கிங்கைப் பெய்ஜிங் ஆக்கியபோது அங்கே வாழ்ந்த சனம் தாங்கள் சொல்லும் பெயரை உலகத்தைச் சொல்லவைத்தது. மணலாறு வெலி ஓயா ஆனபோது அங்கே வாழ்ந்த சனம் அந்தப் பெயரைச் சொல்ல அங்கே இல்லை. முன்னையதற்கு நான் கைதட்டுவேன். பின்னையதை எந்த அரசு செய்தாலும் ஏற்கமாட்டேன், அது சீனாவாக இருந்தாலும் சரி. திபெத்தைச் ‘சிசாங்’ என்று எழுதச் சொல்வது இந்த இரண்டாவது வகைதான் என்பது என் கருத்து. அருணாசலப் பிரதேசத்தில் உள்ள இடங்களுக்குச் சீனா 2017இல் 6 பெயர் வெளியிட்டது, 2024இல் 30 பெயர் வெளியிட்டது. அங்கே அதை எழுத்துக்கூட்டல் என்று யாராவது சொல்லுவார்களா?

சரி, எழுத்துக்கூட்டலைத் திருத்துவதென்றால் எப்படி? தமிழ்நாட்டில் 2020 ஜூனில் ஒரு கூத்து நடந்தது. 1018 ஊர்களின் இங்கிலிசு எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. கோயம்புத்தூர், வேலூர், எழும்பூர் எல்லாம் நீள நீளமான எழுத்துகளோடு வந்து நின்றன. நகைச்சுவைப் படங்கள் பறந்தன. சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நோக்கம் நல்லது. ஆனால் பட்டியல் இருந்தது, முறை இருக்கவில்லை. ஒரே ஒலிக்கு ஓர் ஊரில் ஓர் எழுத்து, மற்ற ஊரில் வேறெழுத்து. சீனா முதலில் முறையைச் செய்து, இருபது வருடம் தன் பிள்ளைகளுக்குப் படிப்பித்து, பிறகுதான் பட்டியலை உலகத்தின் மேசையில் வைத்தது. தமிழ்நாடு நேரே மேசைக்குப் போனது.

எங்களிடமும் சிலர் ஒரு முறை செய்து பார்த்தார்கள். தமிழ்நெற் இணையத்தளம் ‘ள’வுக்கும் ‘ண’வுக்கும் மேற்கோள் குறியைப் போட்டு, உச்சரிப்பு ஒரு துளி சிந்தாமல் எழுதியது. கிளிநொச்சியில் ‘ளி’க்கு முன்னால் ஒரு குறி. முள்ளிவாய்க்காலில் இரண்டு. இலங்கை ஊர்ப் பெயர்களின் வேர்ச்சொல் பற்றி அவர்கள் எழுதிய பத்திகள் இன்றைக்கும் எனக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் அந்த எழுத்துமுறை அந்தத் தளத்தைத் தாண்டவில்லை. நடுவில் குறி நிற்கிற பெயரை யாரும் படிவத்தில் நிரப்பமாட்டார்கள், பாஸ்போர்ட்டிலும் ஏறாது. தேடுபொறியில் தேடினாலும் வராது. சரியான எழுத்தாக இருந்தால் மட்டும் போதாது, கச்சேரி எழுத்தரின் விசைப்பலகையில் அது இருக்க வேண்டும்.

மறுபக்கமும் ஒரு வார்த்தை. நாங்கள் பிறர் ஊரை எழுதும்போது இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. எங்களுக்கு ரொறன்ரோ, தமிழ்நாட்டாருக்கு டொராண்டோ. ரொறன்ரோக்காரர் யாரும் எங்களிடம் சத்தியக் கடதாசி கேட்டதில்லை. தமிழில் பீஜிங் என்றும் பெய்ஜிங் என்றும் இரண்டும் ஓடுகிறது. ஓடட்டும். தமிழன் தமிழில் தன் வாய்க்கு வருகிறபடி எழுதுவது இயல்பு. என் வழக்கு எங்கள் ஊரின் பெயர் அரசாங்கப் பதிவில், இங்கிலிசில், ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்பது மட்டும்தான்.

இதை ஒரு தமிழ்ப் பற்றாளனின் நுணுக்கப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மேசைக்கு வருகிறவை விசாப் படிவங்கள் மட்டுமில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் ஆணைக்குழுக்களுக்கும் ஐ. நா.வுக்கும் எழுதுகிற மனுக்களையும் மொழிபெயர்த்திருக்கிறேன். 2009 மேயில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்துதான் பெருவாரியான சனம் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தது. ‘கடைசியாகக் கண்ட இடம்’ என்ற கட்டத்தில் அந்த ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒரு மனுவில் அது இரண்டு ‘டீ’, ஒன்றில் இரண்டு ‘ரீ’, சிங்களத்தின் வழியாகப் போய் வந்த இன்னொன்றில் ‘டபிள்யூ’. கணினியில் ஒருவர் ஓர் எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டுத் தேடினால் மற்ற இரண்டிலும் இருக்கிற ஆட்கள் வரமாட்டார்கள். ஒரே பாலத்தில், ஒரே கிழமையில் காணாமல் போனவர்கள் கடதாசியில் மூன்று இடத்தில் பிரிந்து கிடப்பார்கள். முள்ளிவாய்க்காலுக்கும் புதுமாத்தளனுக்கும் வலைஞர்மடத்துக்கும் அப்படித்தான். நாளைக்கு ஒரு பிள்ளை இதை ஆராய வந்தால் முதலில் எழுத்துக்கூட்டல் அகராதி ஒன்று செய்துவிட்டுத்தான் மற்ற வேலை தொடங்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மாங்குளம் போல் நிலைத்துப்போனவற்றைத் தொடவேண்டாம். லூயிஸ் துரையின் இரண்டாவது ‘ரீ’யைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நான் போராடப்போவதில்லை. இரண்டு மூன்று விதமாக எழுதப்படுகிற சின்ன ஊர்களுக்கு மட்டும் பிரதேச சபைகள் ஒன்றைத் தீர்மானித்து, பிரதேச செயலகத்துக்கும் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் நில அளவைத் திணைக்களத்துக்கும் எழுத்தில் அனுப்பலாம். ‘ட்ட’வுக்கு இரட்டை ‘டீ’, ‘வ’வுக்கு ‘வீ’, ‘த’வுக்கு ‘எச்’ சேர்த்த ‘ரீ’. இந்த மூன்றை ஒழுங்காகப் பிடித்தாலே முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். இதற்கு மாகாண சபையும் வேண்டாம், அரசியலமைப்புத் திருத்தமும் வேண்டாம். ஒரு சபைத் தீர்மானம் போதும்.

அதுவரைக்கும் ஓர் உதவி. உங்கள் ஊரின் பெயர் உங்கள் பிறப்புப் பத்திரத்திலும், பள்ளிக்கூடப் பலகையிலும், பஸ் தரிப்பிடத்திலும், கூகுள் வரைபடத்திலும் எப்படி எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் அதை எப்படிச் சொல்கிறார் என்பதையும் தமிழில் சேர்த்துவிடுங்கள். முதலில் நெடுங்கேணி, பூநகரி, வட்டுவாகல் ஆட்கள் எழுதுங்கோ. பட்டியலை நான் தொகுத்துச் சபைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.